புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் சமூக உணர்வுக் கல்வியும்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் (1991–1992) புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த முழு எழுத்தறிவு இயக்கம். மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும் இணைந்து இதை நடத்தினர். கிராமப்புறப் பெண்களுக்கு எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்ததால் இது இந்திய அளவில் அறியப்பட்டது. 1992-ல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இன்று பள்ளிக்கல்வியில் 'சமூக உணர்வுக் கற்றல்' என்று பேசப்படும் பயிற்சிகளுக்குத் தமிழ்ச் சூழலிலேயே உருவான முன்னோடியாக இவ்வியக்கத்தைக் கருதலாம். அச்சம், கூச்சம், கேலிக்கு அஞ்சுதல் ஆகியவற்றைக் கற்றலின் தடைகளாகக் கண்டு, ஊருக்குத் தெரிந்த பாட்டு, கும்மி, தெரு நாடகம், சைக்கிள் ஆகியவற்றைக் கொண்டே அவற்றைக் கடக்க முயன்றது இதன் தனித்தன்மை.

கருத்துப் பின்புலம்

மாணவர்கள் தம் உணர்வுகளை அறிவது, அவற்றைக் கையாள்வது, பிறர் நிலையை உணர்வது, நல்லுறவைப் பேணுவது, பொறுப்புடன் முடிவெடுப்பது ஆகிய ஐந்து திறன்களைப் பள்ளியிலேயே வளர்க்க வேண்டும் என்பது சமூக உணர்வுக் கற்றலின் அடிப்படை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்புப் பணி இதன் ஊற்றுகளில் ஒன்று. வறிய கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளிகளில் பெற்றோர், ஆசிரியர், மாணவர் இடையிலான உறவைச் சரிசெய்தால் படிப்பும் சீராகும் என்று அவர் கருதினார். 1994-ல் அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பு உருவானது. 1995-ல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் 'உணர்வு நுண்ணறிவு' என்ற கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் இச்சொல் இடம்பெற்றது.

இக்கருத்தின் மீது வைக்கப்படும் முக்கியமான விமர்சனம், உணர்வுகள் எல்லா ஊரிலும் ஒரே அச்சில் இருப்பதாக அது எண்ணிவிடுகிறது என்பதே. ஓர் ஊரில் தன்னம்பிக்கை எனப்படுவது இன்னோர் ஊரில் அடக்கமின்மை ஆகலாம். யார் யார் முன் கோபப்படலாம், யார் எவரெதிரே உட்காரலாம் என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானிக்கும் சமூகத்தில் உணர்வைக் கையாளும் பயிற்சியை மட்டும் தனியாகப் பிரித்துக் கற்பிக்க முடியாது. ஆகவே அந்தந்தப் பண்பாட்டிலிருந்து தொடங்கும் முறை தேவை என்ற வாதம் எழுந்தது.

தமிழில் உணர்வுகளைப் பெயரிட்டு வகைப்படுத்தும் மரபு பழமையானது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. நகை பிறக்கும் இடங்களில் முதலாவது எள்ளல், அதாவது கேலி. அச்சம் பிறக்கும் இடங்களில் ஒன்று இறை, அதாவது ஆள்பவர். பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் கல்வியும் தறுகண் எனப்படும் அஞ்சாமையும் முதலிரண்டாக வருகின்றன. இது இலக்கியத்துக்காக வகுக்கப்பட்ட இலக்கணம். பள்ளிப் பாடத்திட்டம் அல்ல. எனினும் கேலி, அதிகாரத்தின் மீதான அச்சம், கல்வி தரும் பெருமிதம் ஆகியவற்றுக்குத் தமிழில் ஏற்கெனவே சொற்கள் உள்ளன என்பதை அது காட்டுகிறது. புதுக்கோட்டை இயக்கம் எதிர்கொண்டவையும் இவையே.

மாவட்டப் பின்புலம்

புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த சமஸ்தானம். 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமாக்கப்பட்டது. மாவட்டத்தின் பெரும்பகுதி மழையையும் கண்மாய்களையும் நம்பிய வறண்ட நிலம். விவசாயக் கூலி, கல் குவாரி வேலை, செயற்கைக் கல் பட்டை தீட்டுதல் ஆகியவை ஏழைக் குடும்பங்களின் முக்கியப் பிழைப்பு.

பெண்கல்வி வரலாற்றில் இவ்வூருக்கு முன்பே ஓர் இடம் உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். முத்துலட்சுமி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் மருத்துவரானார். பின்னர் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராகி, தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார்.

ஆனால் அது ஒரு பெண் பெற்ற வெற்றி. படித்த தந்தையும் மன்னரின் ஆணையும் அவருக்குத் துணை இருந்தன. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்தும் மாவட்டத்தின் கூலிப் பெண்களில் பெரும்பாலோர் கைநாட்டு வைப்பவர்களாகவே இருந்தனர். முத்துலட்சுமிக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. இவர்களுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது.

இயக்கத்தின் தோற்றம்

1988-ல் இந்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1989-ல் கேரளத்தின் கோட்டயம் நகரமும் 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டமும் முழு எழுத்தறிவு பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்திய எர்ணாகுளம் முறை பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. சம்பளம் வாங்கும் ஆசிரியர்களைக் கொண்டு நடந்த பழைய முதியோர் கல்வித் திட்டங்களுக்கு மாற்றாக, ஊதியம் பெறாத தொண்டர்கள் மாவட்டம் முழுவதும் ஒரே காலத்தில் கற்பிப்பது அதன் அடிப்படை.

இம்முறையைப் பரப்ப 1990-ல் பாரத ஞான விஞ்ஞான ஜாதா என்னும் கலைப்பயணம் நாடெங்கும் சென்றது. தமிழகத்தில் 1980-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதில் முன்னின்றது. எழுத்தறிவுப் பணிக்கு இங்கு 'அறிவொளி இயக்கம்' என்ற பெயர் அமைந்தது.

புதுக்கோட்டையில் இயக்கம் 1991-ல் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதில் நேரடியாக ஈடுபட்டார். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், அறிவியல் இயக்கத்தினர், படித்துவிட்டு ஊரில் இருந்த இளைஞர்கள், பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள் எனப் பலதரப்பட்டோர் தொண்டர்களாகச் சேர்ந்தனர். இயக்கத்தின் அனுபவங்களை ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இணைந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1996-ல் வெளிவந்தது.

கற்பித்தல் முறை

எழுத்தறிவு இயக்கத்தின் பாடத்திட்டம் ஏறத்தாழ 200 மணி நேரத்தில், மூன்று பாடநூல்கள் வழியாக, எழுத்தும் எண்ணும் கற்பிக்கும்படி தேசிய அளவில் வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் அறிவொளி மையங்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல் பாடநூலுக்கு வெளியே இருந்தது. பகலெல்லாம் வெயிலில் உழைத்துவிட்டு வந்து, சமைத்து, பிள்ளைகளை உறங்கவைத்த பிறகே பெண்கள் வகுப்புக்கு வர முடிந்தது. வந்தாலும், 'இந்த வயசுல படிச்சு என்ன ஆகப்போகுது' என்ற கேள்வி வீட்டிலும் தெருவிலும் எழுந்தது. தன் மகன் வயதுள்ள ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டிய கூச்சமும் இருந்தது.

தொண்டர்கள் இதற்குக் கண்ட வழி, வகுப்பறையை ஊருக்குள் கொண்டுவருவது. மரத்தடி, கோயில் திண்ணை, வீட்டு வாசல் ஆகியவை மையங்களாயின. கற்பவரை 'மாணவி' என்று அழைக்காமல் அக்கா, அத்தை, ஆத்தா என்று உறவுமுறை சொல்லி அழைப்பது இயல்பாக அமைந்தது. கற்பிப்பவர் வயதில் இளையவர் என்பதால், ஆசிரியர் மேல், மாணவர் கீழ் என்ற வழக்கமான அடுக்கு இங்கே செல்லுபடியாகவில்லை. நாற்று நடவு, கூலி, குழந்தை நோய் ஆகியவற்றில் கற்பவருக்கே அதிகம் தெரிந்திருந்தது. பாடம் உரையாடலாக மாறியது.

பாட்டும் கும்மியும் தெரு நாடகமும் இதில் பெரும் பங்கு வகித்தன. எழுத்துத் தெரியாதவர் என்று ஒதுங்கியிருந்த பெண்கள் பலருக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் மனப்பாடம். வகுப்பு பாட்டிலிருந்து தொடங்கும்போது தனக்கு எதுவும் தெரியாது என்ற நிலையிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குச் சென்றனர். பலர் சேர்ந்து பாடும்போது தனித்து வாய் திறக்கும் கூச்சம் மறைந்தது. உணர்வுசார் கற்றலில் 'பாதுகாப்பான சூழல்' என்று இன்று பேசப்படுவதை அவ்வியக்கம் இவ்வாறு உருவாக்கியது.

கற்றவர்கள் முதலில் எழுத விரும்பியது பெரும்பாலும் சொந்தப் பெயரையே. கைநாட்டு மையைத் துடைக்க இடம் தேடி நின்ற வங்கியிலும் அலுவலகத்திலும் கையெழுத்துப் போடுவது அவர்களுக்கு மரியாதை சார்ந்த விஷயமாக இருந்தது.

சைக்கிள் பயிற்சி

இயக்கத்தின் போது ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. பேருந்து அரிதாக வரும் சிற்றூர்களுக்குப் பெண் தொண்டர்கள் செல்ல வேண்டும். ஆண்களை எதிர்பார்த்தே நகர வேண்டியிருந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கலாம் என்ற யோசனையை ஷீலா ராணி சுங்கத் 1991-ல் முன்வைத்தார். இடம்பெயரும் திறனும் கல்வியே என்பது இதன் கருத்து. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இதழாளர் பி. சாய்நாத் 1990-களின் முற்பகுதியில் இம்மாவட்டத்துக்கு வந்து எழுதிய கட்டுரை இந்நிகழ்வை நாடறியச் செய்தது. அது 1996-ல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலிலும் இடம்பெற்றது. அவர் தரும் கணக்கின்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் இது மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அவர்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் நடந்த போட்டிகளில் ஓட்டிக் காட்டினர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் சென்றனர்.

ஓட்டியவர்களில் விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், பால்வாடி ஆசிரியைகள், கல் பட்டை தீட்டுவோர், சத்துணவுப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியைகள் எனப் பலர் இருந்தனர். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டனர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க முடியும் என்பதால் சிலர் அதையே விரும்பினர். இயக்கத்தின் செயற்பாட்டாளர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு பயிற்சி முகாம்களில் பாடப்பட்டு மாவட்டம் முழுவதும் பரவியது. இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரான கண்ணம்மாள் முன்னோடியாகச் சைக்கிள் ஓட்டி மற்ற பெண்களுக்குத் துணிவளித்தவர். 1992-ல் யுனிசெஃப் அறிவொளிப் பெண் செயற்பாட்டாளர்களுக்காக 50 மொபெட்டுகளை வழங்க ஒப்புக்கொண்டது.

சைக்கிளில் செல்லும் பெண் அன்று கேலிக்கு ஆளானாள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் அந்தக் கேலி அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். நூறு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை முகாமில் விழுந்து எழுந்து பழகியபோது கேலி செய்பவரின் எண்ணிக்கை குறைந்தது. அரசு நடத்தும் முகாம் என்பதால் வீட்டாரின் தடையும் தளர்ந்தது. இங்கு தைரியம் ஒரு தனிமனிதப் பண்பாகக் கற்பிக்கப்படவில்லை. கூட்டாகப் பழகும் பழக்கமாகவே அது உருவானது.

சைக்கிளால் பொருளாதாரப் பயன்களும் இருந்தன. விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டுசென்று விற்க முடிந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. ஆனால் சாய்நாத்திடம் பேசிய பெண்கள் பலரும் வருமானத்தை விட, யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிறது என்பதையே முதன்மையாகச் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

குவாரிப் பெண்கள்

எழுத்தறிவின் இன்னொரு விளைவு கல் குவாரிகளில் தெரிந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் கூலிகளாகக் கல் உடைத்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, குவாரிகளை அரசிடமிருந்து தாங்களே குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்தது. உடைத்த கல்லின் அளவைத் தாங்களே குறித்துக்கொள்ளவும் கணக்கைச் சரிபார்க்கவும் படிப்பு உதவியது. அதுவரை அலுவலகத்தின் வாசலில் நின்று பழகியவர்கள், குழுவின் சார்பாக உள்ளே சென்று பேசினர். ஒப்பந்தக்காரர்கள் இம்மாற்றத்தை எதிர்த்தனர். நிர்வாகத்தின் ஆதரவை நம்பியே நின்ற ஏற்பாடு என்பது இதன் பலவீனமாக இருந்தது.

தளர்வும் விமர்சனமும்

முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட பிறகு, இந்தியாவின் பிற மாவட்டங்களைப் போலவே, தொடர்பணியின் வேகம் குறைந்தது. அதிகாரிகள் மாறினர். தொண்டர்கள் வேலைக்கும் திருமணத்துக்கும் சென்றனர். பயன்படுத்தாத எழுத்து மறந்துபோகும் என்பது எழுத்தறிவு இயக்கங்கள் அனைத்தும் கண்ட உண்மை. அதன் பொருட்டு வகுக்கப்பட்ட வளர்கல்வித் திட்டம் முதல் அலையின் எழுச்சியைப் பெறவில்லை.

இயக்கத்தின் மீது பொதுவாக வைக்கப்பட்ட விமர்சனங்கள் இரண்டு. இலக்கை எட்டியதாக அறிவிக்கும் அவசரம் உண்மையான தேர்ச்சியை மறைத்துவிடும் என்பது ஒன்று. நிர்வாகம் மேலிருந்து நடத்தும் இயக்கம் நிர்வாகம் விலகியதும் சரியும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எழுத்து மறந்தவர்களும் சைக்கிளை மறக்கவில்லை. தினமும் பயன்பட்டது என்பது அதற்கு ஒரு காரணம். ஊரார் முன்னிலையில் அடைந்த திறனை ஊர் திரும்பப் பறிக்க முடியாது என்பது இன்னொரு காரணம். தாய் ஓட்டிய சைக்கிளில் மகள் பள்ளிக்குப் போவதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பள்ளிகளுக்குள் தொடர்ச்சி

அறிவொளியின் அனுபவம் பல வழிகளில் பள்ளிகளுக்குள் வந்தது. முதலாவது, இயக்கத்தில் பணியாற்றிய ஆசிரியர்கள் வழியாக. விருதுநகர் பகுதியில் அறிவொளியை ஒருங்கிணைத்த பேராசிரியர் ச. மாடசாமி, பின்னர் வகுப்பறையில் மாணவர் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்வியைத் தொடர்ந்து எழுப்பினார். அவருடைய 'எனக்குரிய இடம் எங்கே?' என்ற நூல் தமிழக ஆசிரியர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டது. புதுக்கோட்டையில் அறிவொளியில் ஈடுபட்ட தமிழாசிரியரும் கவிஞருமான நா. முத்துநிலவன் எழுதிய 'முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே' என்ற நூல், மதிப்பெண்ணையே கல்வியாகக் கொள்ளும் போக்கைத் தலைப்பிலேயே மறுத்தது.

இரண்டாவது, சைக்கிள் வழியாக. தமிழக அரசு 2001–2002 கல்வியாண்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. 2006-ல் பீகார் அரசு தொடங்கிய மாணவியர் சைக்கிள் திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தனர். மாணவியர் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாக அவர்கள் கண்டனர். புதுக்கோட்டைப் பெண்கள் ஓட்டிக்காட்டியது இவ்வாறு நாட்டின் பள்ளிக் கொள்கைகளில் இடம்பெற்ற ஒன்றாக மாறியது. சாய்நாத்தின் கட்டுரை தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வட இந்தியக் குழந்தைகள் புதுக்கோட்டை என்ற பெயரை அதன்வழியே அறிந்தனர்.

மூன்றாவது, அரசுத் திட்டங்களின் வடிவத்தில். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதைத் தொடர்ந்து 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் அறிவொளியின் அமைப்பை நினைவூட்டியது. ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் குடியிருப்புப் பகுதியிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று அதைப் பரப்பின. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'மகிழ் முற்றம்' மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரித்தது. ஆங்கிலேயப் பள்ளிகளின் குழு முறைக்கு ஐந்திணைப் பெயர் சூட்டப்பட்டது. வெவ்வேறு வகுப்பு மாணவர்கள் ஒரே குழுவில் கூடிப் பழகுவது இதன் நோக்கம்.

சாதியும் உணர்வுக் கல்வியும்

பெயர் தமிழில் இருப்பதாலேயே ஒரு பயிற்சி பண்பாட்டுக்கு உரியதாகிவிடாது. பண்பாட்டில் கும்மியும் உண்டு, தீண்டாமையும் உண்டு. இதைப் புதுக்கோட்டை மாவட்டமே கடுமையாக நினைவூட்டியது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்திய குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகே அது வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆய்வுக்கு வந்த மாவட்ட ஆட்சியரிடம், தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதும் கோயிலுக்குள் தங்களுக்கு அனுமதி இல்லாததும் கூறப்பட்டன. ஆட்சியர் அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாவட்டம் இது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீட்டில் வெட்டப்பட்டனர். அதையடுத்து தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், மாணவர் நலனுக்கென அலுவலர்களை நியமித்தல், ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்பு நடத்துதல் எனப் பல பரிந்துரைகளை முன்வைத்தது.

உணர்வுக் கல்வியின் உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது. கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குக் கோபத்தை அடக்கும் பயிற்சி மட்டும் தருவது போதாது. கேலி செய்யும் பிள்ளைக்கும் அதை வீட்டில் கற்றுத்தரும் பெரியவர்களுக்கும் பாடம் தேவை. அறிவொளி இயக்கம் பெண்களின் கூச்சத்தை அவர்களுடைய குறையாகக் கொள்ளவில்லை. ஊர் அவர்கள் மீது சுமத்திய ஒன்றாகவே அதைக் கண்டது. அதனால்தான் ஊரையே வகுப்புக்குள் கொண்டுவந்தது. பாலின விஷயத்தில் அது செய்ததைச் சாதி விஷயத்தில் பள்ளிகள் இன்னும் செய்ய வேண்டியிருக்கிறது.

வரலாற்று இடம்

புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வரலாற்றில் எண்ணிக்கைக்காகவும் பெண்கள் இயக்க வரலாற்றில் சைக்கிளுக்காகவும் நினைவுகூரப்படுகிறது. கல்வி வரலாற்றில் அதன் இடம் வேறொன்று. அச்சமும் கூச்சமும் நீங்காமல் எழுத்து நிலைக்காது என்பதையும், அவற்றை நீக்கத் தனி மனிதரிடம் மட்டுமன்றி ஊரிடமும் பேச வேண்டும் என்பதையும் அது நடைமுறையில் காட்டியது. தொல்காப்பியம் பெருமிதத்துக்குச் சொன்ன நிலைக்களன்களில் கல்வியையும் தறுகண்ணையும் அது ஒருசேரக் கற்பித்தது. இன்று வாரத்துக்கு ஒரு பாடவேளையாகச் சமூக உணர்வுக் கல்வியைப் பள்ளிகளில் கொண்டுவர முயல்வோருக்கு இம்மாவட்டத்தின் அனுபவம் ஒரு முன்மாதிரியாகவும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது.